ரவுட்டர் தயார், இனி எந்த கேட் மென்பொருள்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணினி சொல்லும் வழியில் சுழலும் பிட்டை ஓட்டிப் பலகை வெட்டும் இயந்திரமான சிஎன்சி ரவுட்டர், 600க்கு 900 மில்லிமீட்டர் மேசையுள்ள சின்னது ஒன்றை வீட்டுப் பட்டறையில் பூட்டி முடித்திருக்கிறீர்கள். ஆர்டுயினோ என்ற சின்ன மின்சுற்றுப் பலகையில் ஓடி மோட்டார்களை இயக்கும் ஜிஆர்பிஎல் என்ற நிரல்தான் கன்ட்ரோலர். பிளைவுட்டில் அலமாரி, பெட்டி, பெயர்ப்பலகை வெட்ட வேண்டும். எப்போதாவது ஒரு அலுமினியத் தகடு. அதிகம் செலவழிக்க முடியாது. மலிவான, நல்ல கேட் மென்பொருள் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர்கள் வரும். அதற்கு முன் ஒன்று. நாம் 'ஒரு மென்பொருள்' என்று சொன்னாலும் அதில் இருப்பது மூன்று தனித்தனி வேலை. படம் வரைவது கேட். அந்தப் படத்தைப் பார்த்து, எந்த பிட் எந்த ஆழத்தில் எந்த வழியாகப் போக வேண்டும் என்று டூல்பாத் போட்டு, மெஷினுக்குப் புரியும் கட்டளைகளான ஜி-கோடாக மாற்றுவது கேம். அந்த ஜி-கோடை வரிவரியாக மெஷினுக்கு ஊட்டுவது சென்டர், அதாவது அனுப்பி. கடைசி வேலைக்குக் காசு தேவையே இல்லை. யூனிவர்சல் ஜிகோட் சென்டர், சிஎன்சிஜேஎஸ் இரண்டும் இலவசம், இரண்டும் ஜிஆர்பிஎல்லோடு நன்றாகப் பேசும். முதல் வேலைக்கும் நல்ல இலவச வழிகள் இருக்கின்றன. பணம் போட்டால் பலன் தெரியும் இடம் நடுவில் இருக்கிற கேம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெரிய கேட் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டிவிட்டு, கேமுக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெட்டிலும் திண்டாடுகிறார்கள்.

அடுத்து உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, நீங்கள் வெட்டப்போவது உண்மையில் முப்பரிமாணமா? அலமாரியும் பெட்டியும் கண்ணுக்கு முப்பரிமாணம்தான். மெஷினுக்கு அவை தட்டையான துண்டுகள். ஓரத்தைச் சுற்றி வெட்டு, ஓட்டை போடு, இத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடு. இவ்வளவுதான். இதை இரண்டரை பரிமாண வேலை என்பார்கள். வீட்டுப் பட்டறையில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். முகம் செதுக்குவது, வளைந்த கிண்ணம் குடைவது மாதிரி ஆசை இருந்தால் கதை வேறு. இல்லையென்றால், தட்டையான கோடுகளைத் துல்லியமாக வரையத் தெரிந்த எளிய மென்பொருளே உங்கள் வேலையில் முக்கால்வாசியை முடித்துவிடும்.

அப்படியானால் எல்லாருக்கும் லிப்ரேகேட் என்ற இலவச இருபரிமாண மென்பொருள் போதும் என்று சொல்லிவிடலாமே? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு புத்தக அலமாரி என் வாயை அடைத்தது.

18 மில்லிமீட்டர் பிளைவுட் என்று நம்பி, பக்கப்பலகை இரண்டிலும் தட்டுகள் செருக மொத்தம் 12 பள்ளங்கள் வரைந்தேன். எல்லாம் 18 அகலம். வெட்டி முடித்து, தட்டைச் செருகினால் உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது. அப்புறம்தான் வெர்னியரை எடுத்தேன். பலகை 17.4. அடுத்த பலகை 17.6. பிளைவுட்டில் பெயருக்கு ஒரு தடிமன், உள்ளபடி ஒரு தடிமன் என்பது பழையவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. திரும்ப வரைய உட்கார்ந்தால் 12 பள்ளத்தையும் ஒவ்வொன்றாக அழித்து, நகர்த்தி, தட்டின் நீளத்தைச் சரிசெய்து, ஒரு மாலை முழுக்கப் போனது. அதில் ஒரு பள்ளத்தை மறந்துவிட்டேன் என்பது இரண்டாவது பலகையையும் வெட்டிய பிறகு தெரிந்தது.

அளவுகளை 'பாராமீட்டர்' ஆக வைத்துக்கொள்ளும் கேட் வகை இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. அதில் 18 என்ற எண்ணை எங்கேயும் எழுத மாட்டீர்கள். 'தடிமன்' என்று ஒரு பெயர் வைத்து, அதன் மதிப்பு 17.4 என்பீர்கள். பள்ளத்தின் அகலம் 'தடிமன் கூட்டல் 0.15'. தட்டின் நீளமும் அதே பெயரிலிருந்து கணக்காகிவிடும். அடுத்த முறை வேறு பலகை வந்தால் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், படம் முழுதும் தானாக நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். மரவேலைக்கு கேட் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அளவுகோல் இதுதான். ஒரே பொருளைப் பல பலகையில், பல அளவில் திரும்பத் திரும்பச் செய்வீர்களா? அப்படியென்றால் பாராமீட்டர் உள்ளதைப் பிடியுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறை வெட்டும் பெயர்ப்பலகைதானா? சாதாரண இருபரிமாண மென்பொருளே வேகமானது.

இனி பெயர்கள்.

ஃப்ரீகேட். திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், விற்பனைக்குச் செய்தாலும் தடையில்லை. 2002இல் தொடங்கிய திட்டம், 1.0 என்ற எண்ணைத் தொட 2024 நவம்பர் வரை ஆனது. அதற்கு முன் இதைத் தொட்டுப்பார்த்துவிட்டு ஓடியவர்கள் நிறையப் பேர். காரணம் ஒரு தீராத தொல்லை. முன்னால் போட்ட ஸ்கெட்ச் ஒன்றில் சின்ன மாற்றம் செய்தால், ஓரங்களுக்கும் முகங்களுக்கும் மென்பொருள் உள்ளுக்குள் வைத்திருந்த பெயர்கள் இடம் மாறிவிடும். அவற்றை நம்பிப் பின்னால் போட்ட ஓட்டைகளும் வளைவுகளும் வேறு எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் அறுந்து விழும். 1.0இல் இதைப் பெருமளவு அடக்கிவிட்டார்கள். பழைய வசவுகளைப் படித்துவிட்டு ஒதுக்காமல் இப்போதைய பதிப்பைப் போட்டுப்பாருங்கள். கேம் பகுதியும் உள்ளேயே இருக்கிறது. டூல்பாத்தை ஜிஆர்பிஎல்லுக்குப் புரியும் ஜி-கோடாக எழுதும் போஸ்ட் ப்ராசஸர், துண்டு பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் டேப், உள்மூலைக்கான டாக்போன் (பின்னால் விளக்குகிறேன்) எல்லாம் அதில் உண்டு. குறை என்னவென்றால், கருவிகளை 'வொர்க்பெஞ்ச்' என்று தனித்தனிக் குழுவாக வைத்திருக்கிறார்கள், எந்த வேலைக்கு எது என்று பிடிபடுவதற்கே சில வாரம் ஆகும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஸ்கெட்சில் எல்லா அளவும் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாக மாறும். அந்தப் பச்சையைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

ஃப்யூஷன். ஆட்டோடெஸ்க்குடையது. வரைவதும் டூல்பாத் போடுவதும் ஒரே வீட்டுக்குள் நடப்பதால் கற்றுக்கொள்ள மிகச் சுகமானது, சொல்லித்தரும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவச உரிமம் இருக்கிறது, ஆனால் அதற்கு வேலி உண்டு. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய நிலையில் 10 கோப்புகள்தான் இருக்கலாம். மற்றவற்றைப் 'படிக்க மட்டும்' என்று வைத்துவிட்டு, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். 2020இல் வந்த மாற்றங்களுக்குப் பிறகு, இலவச உரிமத்தில் எடுக்கும் ஜி-கோடில் வேக நகர்வு கிடையாது. பிட் காற்றில் நகரும்போதும் வெட்டும் வேகத்திலேயே நகரும். பிட் மாற்றமும் ஒரே கோப்பில் வராது, ஒவ்வொரு பிட்டுக்கும் தனிக் கோப்பு எடுக்க வேண்டும். கையால் பிட் மாற்றும் உங்கள் மெஷினுக்கு இது பெரிய குறையில்லை. லினக்ஸ் கிடையாது, இணையம் வேண்டும். அலமாரியைச் செய்து விற்க ஆரம்பிப்பதாக இருந்தால் உரிம விதியை அன்றே ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்.

ஆன்ஷேப் உலாவியிலேயே ஓடுவது, பழைய கணினியிலும் தடுமாறாது. வரையும் சுகத்தில் ஃப்யூஷனுக்குக் குறைவில்லை. ஒரு முகத்தைச் சொடுக்கி அதை அப்படியே டிஎக்ஸ்எஃப் என்ற கோட்டுப்படக் கோப்பாக எடுக்கலாம் என்பது தட்டை வேலைக்குக் கைகொடுக்கும். ஆனால் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவது எல்லாம் ஊரறிய இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டு அலமாரிக்கு என்ன ரகசியம் என்று கேட்கலாம். அதுவும் சரிதான்.

ஸ்கெட்ச்அப்பைப் பலர் பரிந்துரைப்பார்கள், மரவேலைக்காரர்களிடம் அதற்கு ஒரு பாசமே உண்டு. அறையில் அலமாரி எப்படி நிற்கும் என்று பார்க்க அதைவிட வேகமானது இல்லை. வெட்டுவதற்கு மட்டும் அதிலிருந்து நேராகக் கோப்பு எடுப்பதை நான் தவிர்ப்பேன். அதற்கு வட்டம் என்றால் நேர்க்கோடுகளின் கூட்டம். முன்னிருப்பாக ஒரு வட்டத்துக்கு 24 பக்கம். 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான வட்டத்திலிருந்து ஏறக்குறைய 0.43 மில்லிமீட்டர் உள்ளே வாங்கியிருக்கும். திரையில் தெரியாது. வெட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினால் தெரியும். பக்கங்களை 96 ஆக்கினால் பிழை 0.03க்குள் வந்துவிடும், ஆனாலும் ஒவ்வொரு வளைவுக்கும் இதை நினைவு வைத்திருக்க வேண்டுமே.

முழு இருபரிமாணத்துக்கு லிப்ரேகேட், க்யூகேட் இரண்டும் உறவுக்காரர்கள். முன்னது பின்னதன் சமூகப் பதிப்பிலிருந்து கிளைத்தது. லிப்ரேகேட் முழு இலவசம், எந்தப் பழைய மடிக்கணினியிலும் ஓடும். க்யூகேடின் கட்டணப் பதிப்பு விலை குறைந்தது. ஆட்டோகேடில் பழகிய கை என்றால் இதில் முதல் நாளே வேலை ஓடும். பெயர்ப்பலகை, பூவேலை, எழுத்து, படத்திலிருந்து ஓரம் எடுப்பது இவற்றுக்கு இங்க்ஸ்கேப்புக்கு நிகர் இல்லை. ஆனால் 'இந்த ஓட்டை அந்த ஓரத்திலிருந்து 32 மில்லிமீட்டர்' என்ற பேச்சு அதற்கு வராத பாஷை. நிரல் எழுதப் பிடித்தவர் என்றால் ஓப்பன்எஸ்கேட் ஒருமுறை பாருங்கள். மவுஸே தொடாமல் நாலு வரியில் பெட்டி வரைந்துவிடலாம். மற்றவர்களுக்கு அது தண்டனை.

கேமுக்கு வருகிறேன். காசு இல்லாமல் தொடங்க ஃப்ரீகேடின் கேம், அல்லது உலாவியில் ஓடும் கிரி மோட்டோ. கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் எஸ்டில்கேம். தோற்றம் சாதாரணமாக இருந்தாலும், ஜிஆர்பிஎல் மெஷினில் டிஎக்ஸ்எஃப் வெட்டுவதற்கு இவ்வளவு நேரடியான ஒன்று குறைவு. இன்னும் கொஞ்சம் முடிந்தால் வெக்ட்ரிக்கின் விகார்வ். சந்தா இல்லை, ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். எழுத்துச் செதுக்கலில், வி வடிவ பிட் அகலமான இடத்தில் ஆழமாகவும் மெல்லிய இடத்தில் மேலோட்டமாகவும் போய்க் கூரான மூலை எடுக்கும் வேலையில் அதன் கைக்குப் பெயர் உண்டு. அதன் டெஸ்க்டாப் பதிப்பில் வேலைப்பரப்புக்கு 635க்கு 635 மில்லிமீட்டர் என்ற எல்லை உள்ளது. உங்கள் மேசை 900 நீளம். பெரிய துண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெட்டும் வசதி அதில் இருந்தாலும், வாங்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். சோதனைப் பதிப்பில் எல்லாவற்றையும் தொட்டுப்பார்க்கலாம், ஆனால் அவர்கள் தரும் மாதிரிக் கோப்புகளுக்கு மட்டுமே ஜி-கோட் எடுக்கவிடும். அந்த மாதிரி ஒன்றை உங்கள் மெஷினில் ஓட்டிப்பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

எந்த கேம் எடுத்தாலும் போஸ்ட் ப்ராசஸர் பட்டியலில் 'ஜிஆர்பிஎல்' இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரிய தொழிற்சாலை மெஷின்களுக்கான கோடை ஜிஆர்பிஎல்லுக்கு ஊட்டினால், எம்6 என்ற பிட் மாற்றக் கட்டளையிலோ ஜி81 என்ற துளைச் சுற்றிலோ அது 'எரர் 20' என்று முரண்டு பிடிக்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று வயரையெல்லாம் கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு. அது தெரியாத பாஷை என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே கோப்பு கைமாறும் இடத்தில்தான் மலிவான வழியின் உண்மையான விலை கட்டப்படுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அலகு. டிஎக்ஸ்எஃப் கோப்பில் ஒரு கோட்டின் நீளம் 100 என்று இருக்கும். 100 என்ன என்பது பல நேரம் இருக்காது, இருந்தாலும் வாங்குகிற மென்பொருள் பார்க்காது. துண்டு 25.4 மடங்கு பெரிதாக வந்தால் அங்குலம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. இது திரையிலேயே கண்ணில் பட்டுவிடும், ஆபத்தில்லை. ஆபத்தானது சின்னப் பிழை. இங்க்ஸ்கேப் 0.91 வரை ஒரு அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கு வைத்திருந்தது. 2017இல் வந்த 0.92இலிருந்து 96. இங்க்ஸ்கேப் பழைய கணக்கில் சேமித்த எஸ்விஜி கோப்பு ஒன்றைப் புதிய கணக்கில் படிக்கும் கேமில் திறந்தால், 100 மில்லிமீட்டர் 93.75 ஆகிவிடும். கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கும். பலகை வெட்டிய பிறகு எதிலும் பொருந்தாது.

அடுத்து வளைவு. ஜிஆர்பிஎல்லுக்கு நேர்க்கோடும் வட்டவில்லும் மட்டுமே தெரியும். ஜி1, ஜி2, ஜி3 அவ்வளவுதான். ஸ்ப்ளைன் என்ற வழவழப்பான வளைவைக் கொடுத்தால் கேம் அதைப் பொடிப்பொடியான நேர்க்கோடுகளாக உடைக்கும். ஒரு துண்டு 0.05 மில்லிமீட்டர், வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 1800 என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 மில்லிமீட்டர், அதாவது 600 வரி. ஒரு வரிக்கு 20 எழுத்து என்றால் நொடிக்கு 12,000 எழுத்து. ஜிஆர்பிஎல்லின் வழக்கமான 115200 பாட் கம்பியில் நொடிக்கு 11,520 எழுத்துக்கு மேல் போகாது. மெஷின் வளைவில் விக்கி விக்கி நகரும், நிற்கிற இடத்தில் மரம் கருகும். நாம் மோட்டாரைத் திட்டுவோம். தீர்வு எளிது: வரையும்போதே வட்டவில்லாக வரையுங்கள், முடியாவிட்டால் கேமில் டாலரன்ஸை, அதாவது எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்ற அளவை, 0.02, 0.05 என்று தளர்த்தி, வில்லாக மாற்றும் வசதியை இயக்குங்கள். மரத்துக்கு அதற்கு மேல் துல்லியம் எதற்கு?

மூன்றாவது, மூடாத கோடு. மூலையில் 0.01 இடைவெளி இருந்தாலும் கேமுக்கு அது மூடிய வடிவம் இல்லை. உள்ளே எது வெளியே எது என்று தெரியாமல், பிட்டைக் கோட்டின் மேலேயே ஓட்டும் அல்லது அந்த வடிவத்தை விட்டுவிடும். இதன் தம்பி, ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருப்பது. அறுத்த இடத்தையே மறுபடி அறுத்துக்கொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கோடுகளை இணைக்கும், இரட்டைக் கோடுகளைக் கண்டுபிடிக்கும் கட்டளைகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பளபளப்பான ரெண்டரிங்கைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

உள்மூலையையும் மறக்க வேண்டாம். பிட் உருளை, அதனால் 6 மில்லிமீட்டர் பிட் எந்த உள்மூலையிலும் 3 மில்லிமீட்டர் ஆரத்தை விட்டுவிட்டுத்தான் போகும். சதுரமான தட்டு அதில் உட்காராது. மூலையில் சின்ன வட்டத்தைக் கூடுதலாகக் குடைவதைத்தான் டாக்போன் என்கிறார்கள். கேம் தானாகப் போட்டுக்கொடுத்தால் நிம்மதி. இல்லாவிட்டால் கேடில் கையால் வரைய வேண்டும், எட்டுப் பள்ளத்துக்கு 32 முறை.

என் கணக்கில் உங்களுக்குப் பொருந்துவது: ஃப்ரீகேடில் வரையுங்கள், எழுத்தும் பூவும் இங்க்ஸ்கேப்பில். தொடக்கத்தில் ஃப்ரீகேடின் கேமையே பயன்படுத்துங்கள். மூன்று நான்கு பொருள் வெட்டிய பிறகும் கேம் தொல்லையாகத் தோன்றினால், கையிலுள்ள பணத்தை எஸ்டில்கேமிலோ விகார்விலோ போடுங்கள். பட்டறையில் செய்ததை விற்கும் எண்ணமே இல்லை, ஃப்ரீகேட் பிடிக்கவும் இல்லை என்றால் ஃப்யூஷன் இலவச உரிமம் தாராளமாகப் போதும். திருட்டு நகல் வேண்டாம். நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருக்கும் மெஷினை ஓட்டும் கணினியில் யாரோ உடைத்துக் கொடுத்த நிரலை நிறுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதில் வரைந்தாலும் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்போடு கூடவே முப்பரிமாணத்துக்கு, பல கேட் மென்பொருள்கள் திறக்கும் பொதுவடிவமான ஸ்டெப் கோப்பும், தட்டைக்கு ஒரு டிஎக்ஸ்எஃப்பும் எடுத்து வையுங்கள். முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் எஸ்டிஎல் கோப்பு போதாது, அது வெறும் முக்கோணங்கள். ஓட்டையின் விட்டத்தைக்கூட அதில் மாற்ற முடியாது. நான் சில ஆண்டுகள் வரைந்த கோப்புகள், ஒரு மென்பொருளின் உரிம விதி மாறியதும் திறக்க முடியாமல் போயின. ஸ்டெப் எடுத்து வைத்திருந்தவை மட்டும் பிழைத்தன.

முதல் வெட்டாக அலமாரியைத் தொடாதீர்கள். ஒரு கழிவுப் பலகையில் 100 மில்லிமீட்டர் சதுரமும் அதன் நடுவில் 20 மில்லிமீட்டர் ஓட்டையும் வரைந்து, முழு வழியாகவும் கொண்டுபோய் வெட்டி, வெர்னியரால் அளந்து பாருங்கள். சதுரம் 93.75 வந்தால் மேலே சொன்ன புள்ளிக் கணக்கு. சதுரம் 99, ஓட்டை 19.87 என்று இரண்டுமே குறைந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை படி சுழல வேண்டும் என்று கன்ட்ரோலரில் எழுதிய எண்ணிக்கை தவறு. சதுரம் 100.4 என்று கூடி ஓட்டை 19.6 என்று குறைந்தால், மெஷின் மேல் குற்றமில்லை. 6 என்று நீங்கள் கேமில் எழுதிய பிட்டின் உண்மையான விட்டம் 5.6.